கூட்டக் கூடாத தமிழர்கள்

பற்றிக் குரூஸ் என்ற மனிதரைத் துல்லியமாக அறிந்து வைத்திருந்த அரசாங்கம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். துரதிர்ஷ்டம், அது அவர் விட்டு ஓடிவந்த அரசாங்கம். மன்னாரில் இருந்த காலத்தில் அவர் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் அல்ல, சோனகர் அல்ல, கத்தோலிக்கர், வீட்டில் இரவு படுப்பவர்கள் இன்னின்னார் என்பதெல்லாம் அதற்கு அத்துபடி. சந்திச் சோதனைச் சாவடியில் துவக்கோடு நின்ற சின்னப் பையனுக்குக்கூட அவர் யார் என்பதில் சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகம் இல்லாததால்தான் அவர் கப்பலேற வேண்டி வந்தது.

நியூசிலாந்து அப்படிப்பட்ட நாடில்லை. மிக மரியாதையான நாடு. 'நீங்கள் யார்' என்று புன்சிரிப்போடு கேட்டது, சொன்ன பதிலைக் கவனமாக எழுதிக்கொண்டது, பிறகு அதைப் 'பிற ஆசியர்' என்ற பெரிய சாக்குக்குள் போட்டு வாயைக் கட்டிவிட்டது. சாக்குக்குள் ஏற்கெனவே ஜப்பானியர், கொரியர், நேபாளிகள், ஆப்கானியர் எல்லோரும் இருந்தார்கள். பற்றிக் அவர்களோடு இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்துகொண்டார். உண்மையைச் சொன்னால், சாக்கு சுகமாகவே இருந்தது. தன்னை யாரும் சரியாக எண்ணாத ஒரு நாட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கலாம் என்று அவர் பாபடோயிட்டோய் என்ற புறநகரில் வீடு வாங்கிய புதிதில் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார்.

விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற சமையற்கூடத்தில் அவருக்கு வேலை. விமான நிலையத்துப் பக்கம். வீட்டுக்கு மோட்கேஜ் இருந்தது, மீசைக்குச் சாயம் இருந்தது, தமிழ்ச் சங்க விழாக்களில் நன்றியுரை சொல்கிற பதவி நிரந்தரமாக இருந்தது. நன்றியுரை என்று அழைத்தால் தலைமையுரை செய்கிற ஆள். சபை கலைந்து, சோற்றுப் பாத்திரங்கள் காலியாகி, மண்டபக்காரன் விளக்கை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கும்போதுதான் அவர் விஷயத்துக்கு வருவார்.

வீட்டில் அந்தக் கதை நடக்காது. வீட்டில் பேசுகிற வேலை இமெல்டாவுடையது. மனுரேவாவில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் பகலெல்லாம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு வருவாள். வந்து பற்றிக்கோடு தமிழில், தொலைபேசியில் தங்கையோடு தமிழில், சுவரில் இருந்த மடு மாதாவோடு தமிழில், அடுப்போடு இரண்டும் கலந்து. அந்த வீட்டில் ரேடியோ வாங்காததற்குச் சிக்கனம் காரணமல்ல. பற்றிக்கின் குறைகளை அவள் நாளுக்கு ஒரு தலைப்பாக எடுத்துப் பேசினாள். அவர் 'ஓம், ஓம்' என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மேடையில் அவர் பேசிய பேச்சில் பாதி அவளிடம் கேட்டதுதான் என்று சங்கத்தில் சொல்வார்கள்.

2014 குளிர்காலத்தில் ஒரு காலை, ஒரு வசனத்தின் நடுவில், அவளுக்குப் பக்கவாதம் வந்தது. "உங்களுக்கு நான் எத்தினை தரம் சொல்லுறது, அந்த..." என்று தொடங்கினாள். எந்த?

உயிர் தப்பிவிட்டது. வலது கையும் காலும் ஆடி அசைந்து பாதி வழி திரும்பி வந்தன. பேச்சு வரவில்லை. ஆங்கிலம் மொத்தமாகப் போய்விட்டது. தமிழில் 'மாதாவே' என்ற ஒரு சொல் மட்டும் நின்றது. தாகத்துக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான்.

அவர்களுடைய ஒரே மகள் றெபேக்கா பிரிஸ்பேனிலிருந்து வந்து நின்றாள். தமிழ் கேட்டால் அவளுக்கு விளங்கும், வாயில் வராது. தாய்க்கு இப்போது ஆங்கிலம் விளங்காது. இருபத்தாறு வருடம் ஒருத்தி தமிழில் ஏச, மற்றவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லி, சண்டை பிடித்துச் சந்தோஷமாக இருந்த இருவரும் இப்போது கட்டிலின் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கோப்பைப் படித்தவள் றெபேக்காதான்.

"டாட், மம்மிக்கு டகாலொக் தெரியுமா?"

"அது என்ன சாமான்?"

"பிலிப்பைன்ஸ் பாஷை. மம்மியை பிலிப்பினோ எண்டு போட்டிருக்கிறாங்கள்." இதை அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். பற்றிக்கின் காதில் அது தமிழில் விழுந்தது.

விஷயம் எளிது. அனுமதிக்கும் இடத்தில் இருந்த யாரோ ஒரு நல்ல மனிதர், 'இமெல்டா குரூஸ்' என்ற பெயரைப் பார்த்தார், பழுப்பு நிறத்தைப் பார்த்தார், கேட்டு நோயாளியைத் தொந்தரவு செய்வானேன் என்று தானே படிவத்தில் ஒரு பெட்டியில் அடையாளம் போட்டார். மன்னார்க் கத்தோலிக்கரின் பெயர்களைப் போர்த்துக்கேயர் வைத்துவிட்டுப் போனதற்கு அவர் என்ன செய்வார். பெட்டியைப் பார்த்து ஆஸ்பத்திரி ஒரு டகாலொக் மொழிபெயர்ப்பாளரை அழைத்தது. தங்கமான பையன். கட்டிலருகில் குந்தி, அவள் கையைத் தடவி, முக்கால் மணி நேரம் அன்பாகப் பேசியிருக்கிறான். இமெல்டா அவனைப் பார்த்துப் புன்னகைத்திருக்கிறாள். கோப்பில் எழுதியிருந்தது: 'தாய்மொழியிலும் எந்த மறுமொழியும் இல்லை. மீட்சிக்கான வாய்ப்பு குறைவு.' வாய்ப்புக் குறைந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியையும் குறைத்துக் கொடுப்பது அந்த இடத்து வழக்கம்.

பற்றிக் கவுண்டருக்குப் போனார். குரலை உயர்த்தவில்லை, நன்றியுரைக்குரிய குரலிலேயே பேசினார். கவுண்டர்ப் பெண் மிகவும் வருந்தினாள். உடனே திருத்தினாள். திருத்தியதைக் காட்டத் திரையையும் அவர் பக்கம் திருப்பினாள்.

'பிற ஆசியர்.'

"இது இல்லைப் பிள்ளை. அவ தமிழ்."

"ஆமாம், சேர். தமிழ் என்று அடித்தேன். அடித்தால் இதுதான் வருகிறது."

சாக்கின் வாய்க்கட்டு தன் கழுத்தில் இருப்பது அவருக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

வெளிநோயாளர் பிரிவில் கிளாரா என்ற இளம் பேச்சுப் பயிற்சியாளர் இருந்தாள். கோப்பை நம்பாத சுபாவம். பற்றிக்கிடம், வீட்டில் வழக்கமாகச் சொல்கிற ஏதாவது ஒன்றைத் தொடங்கச் சொன்னாள். அவருக்கு என்ன தொடங்குவது என்று தெரியவில்லை. வீட்டில் அவர் எதையும் தொடங்கியதில்லை. கடைசியில், "அருள் நிறைந்த மரியாயே வாழ்க" என்றார். இமெல்டாவின் உதடு அசைந்தது. அடுத்த வரியைப் பிடித்தாள், அதற்கடுத்ததைப் பிடித்தாள், தட்டுத்தடுமாறாமல், இறங்குகிற படியில் கால் தானாக விழுவதுபோல், 'ஆமென்' வரைக்கும் போய்விட்டு, தன் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டுப் பற்றிக்கைப் பார்த்தாள்.

கிளாரா பேனாவை வைத்துவிட்டாள். சொற்கள் உள்ளேதான் இருக்கின்றன என்றாள். வாரா வாரம், இதே நிலையிலுள்ளவர்கள் நாலைந்து பேரோடு, அவள் மொழியில், பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துகிற பேச்சுக் குழு வேண்டும். சீக்கிரம் வேண்டும், முதல் இரண்டு வருடத்தில் வருவதுதான் வரும். சமோவன் மொழியில் குழு இருக்கிறது, மாண்டரினில் இருக்கிறது, ஹிந்தியில் இருக்கிறது. தமிழில் இல்லை.

"எங்கட சனத்தை வீட்டை கூப்பிட்டுக் கதைக்க விட்டால் காணாதோ?" என்று கேட்டார் பற்றிக், அதுவே போதும் என்ற நினைப்பில்.

அதையும் செய்து பார்த்தார்கள். சங்கத்துப் பெண்கள் வடையோடு வந்தார்கள். இமெல்டா 'த' என்று தொடங்குவதற்குள் தண்ணி, தலையிடி, தங்கச்சி என்று மூன்று பேர் மூன்று விதமாக முடித்துக் கொடுத்தார்கள். பிறகு அவள் தலைக்கு மேலால் தங்கள் கதையைக் கதைத்தார்கள். போகும்போது, "நல்லாத் தேறிட்டா" என்று பற்றிக்கிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆக, குழுதான் வழி. குழுவுக்குப் பணம் ஒதுக்குகிற சுகாதாரத் திட்ட அலுவலகத்தில் ஜில் என்ற அம்மையார் இருந்தார். தேநீர் ஊற்றித் தந்தார். பிஸ்கட் தட்டை நகர்த்தினார். இமெல்டாவின் கதையைக் கேட்டுக் கண் கலங்கினார். பிறகு, நீங்கள் எத்தனை பேர் என்று கேட்டார்.

"நிறையப் பேர்."

"'நிறைய' என்பதற்கு எங்கள் அட்டவணையில் நிரல் இல்லை, பற்றிக்."

ஜில் கெட்டவர் அல்ல. இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். கிடைத்திருந்தால் பற்றிக்கின் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஜில் வழி சொன்னார். அடுத்த வருடம் வட்டாரத்துக் குடும்ப வைத்தியர்கள் எல்லோரும் தங்களிடம் பதிந்தவர்களின் இனத்தைப் புதிதாகக் கேட்டு எழுதப் போகிறார்கள். எந்தப் பெயர்களைத் தனி வரியாக வெளியிடுவது என்று சமூகங்களிடம் யோசனை கேட்கிறார்கள். தமிழர் என்று ஒரு வரி வந்து, அந்த வரியில் போதிய ஆட்கள் தெரிந்தால், அடுத்த நாளே குழுவுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

ஒரே ஒரு வரி. பற்றிக் காரை எடுத்துக்கொண்டு வீடு வரும்போது பாடிக்கொண்டு வந்தார்.

யோசனையை எல்லாத் தமிழரும் சேர்ந்து கொடுத்தால் பலம் என்று லின்ஃபீல்டில் நரேந்திரன் வீட்டில் கூட்டம் வைத்தார்கள். நரேந்திரன் மலேசியாவின் ஈப்போக்காரர், கணக்காளர், யாரோடும் பகையில்லாதவர். அதனால் பொது இடம். யாழ்ப்பாணத்தார் சங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற எஞ்சினியர் குலசிங்கம் வந்தார். தமிழ்நாட்டுச் சங்கத்திலிருந்து பாஸ்கரன் மடிக்கணினியோடு வந்தார். பற்றிக் எழுந்து நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுருக்கமாகப் பேசினார். வைத்தியர் கேட்டால் எல்லோரும் 'தமிழர்' என்று எழுதுவோம். ஒரு சொல். அவ்வளவுதான்.

எல்லோரும் அருமை என்றார்கள்.

"ஒரு சின்ன விஷயம் சார்," என்றார் பாஸ்கரன். "'இந்தியர்'னு ஒரு பெட்டி ஏற்கெனவே இருக்குல்ல. தீபாவளிக்கு ஹால், மேயர், பட்டாசு பர்மிஷன் எல்லாம் அந்தப் பெட்டியிலதான் சார் வருது. அத விட்டு வெளிய வான்னா எங்க கமிட்டி என்னைக் கிழிச்சிரும். 'இந்தியத் தமிழர்'னு போட்டுக்கலாம்."

குலசிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, இந்தியத் தமிழர் எண்டால் எங்கட நாட்டில மலையகத்து ஆக்களைச் சொல்லுறது. பிறகு ஆர் ஆரெண்டு குழம்பிப்போம். நாங்கள் 'ஈழத்தமிழர்' எண்டுதான் எழுதுவம்."

"அப்பிடி எழுதினா ஊருக்குப் போகேக்க எயார்போட்டில பிடிக்க மாட்டாங்களோ?" என்று பற்றிக் கேட்டார்.

"பயந்த ஆக்களுக்கு 'இலங்கைத் தமிழர்' எண்டு வேறயா ஒண்டு வைப்பம்."

"எங்க கதை வேற லா," என்றார் நரேந்திரன். "நான் 'மலேசியன்'னு எழுதுனா மலாய்க்காரன்னு நெனச்சு ஆஸ்பத்திரியில ஹலால் சாப்பாடு குடுக்கறான். 'மலேசிய சிங்கப்பூர்த் தமிழர்'னு ஒண்ணு போட்டுருங்க."

சமையலறையிலிருந்து அவர் மனைவி ஷாமளாவின் குரல் வந்தது. "சிங்கப்பூர தனியா போடு. பிரிஞ்சு அம்பது வருஷம் ஆச்சு."

பற்றிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். குலசிங்கம் அவர் தோளில் தட்டினார். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ பற்றிக். மன்னாரெல்லாம் எங்களுக்குள்ள அடக்கந்தானே."

"ஆருக்குள்ள?"

"யாழ்ப்பாணத்துக்குள்ள எண்டு சொல்ல வரேல்லை. ஒரு பேச்சுக்கு."

"உந்தப் பேச்சைத்தான் நான் பிறந்த நாளில இருந்து கேக்கிறன், அண்ணை. ஆஸ்பத்திரியில பிலிப்பினோவுக்குள்ள அடக்கம், இஞ்ச உங்களுக்குள்ள அடக்கம். போடுங்கோ 'மன்னார்த் தமிழர்' எண்டு. போடுங்கோ தம்பி பாஸ்கரன்."

பாஸ்கரன் போட்டார். ஆறு பெயர்கள் ஆயின. ஆறையும் ஒரு காலத்தில் எவனாவது அலுவலகக்காரன் ஒன்றாக்கிவிட்டால் என்ன செய்வது என்று குலசிங்கத்துக்கு ஒரு நியாயமான பயம் வந்தது. பாஸ்கரனுக்கும் அதே பயம். 'மேற்படி பிரிவுகளை எக்காரணம் கொண்டும் ஒன்றோடொன்று கூட்டிக் காட்டக் கூடாது' என்று ஒரு வாசகம் சேர்த்தார்கள். அன்று மாலை ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

கையெழுத்துப் போடும் முறை பற்றிக்கிடம் வந்தது. ஒரு வரி கேட்டு வந்து ஆறு வரியோடு போகிறோமே என்று இமெல்டாவின் முகம் கண்ணில் வந்தது. ஆனால் பிரியாணி வந்துவிட்டது. மன்னார்த் தமிழர் என்ற பெயரும் திரையில் தடித்த எழுத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

யோசனைகளைக் கேட்கிற அரசாங்கக் குழுவின் முன்னால் அவரே போய்ப் பேசினார். டகாலொக் பையனின் கதையைச் சொன்னபோது மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் கண்ணாடியைத் துடைத்தார். இனத் தரவு நுணுக்கமாக இல்லாவிட்டால் ஒரு சமூகத்தின் நோய் கண்ணுக்குத் தெரியாது என்று அவர் சொன்ன வசனத்தை ஒரு பெண் எழுதிக்கொண்டாள். மூன்று மாதத்தில் பதில் வந்தது. கோரிக்கை முழுமையாக ஏற்கப்பட்டது. ஆறு பெயர்கள், ஆறு வரிகள், கூட்டப்பட மாட்டாது. தமிழர் கேட்டதை ஓர் எழுத்துக் குறையாமல் ஒரு அரசாங்கம் கொடுத்தது எங்கேயாவது நடந்திருக்கிறதா என்று சங்கத்தில் கேட்டுக்கொண்டார்கள். பாராட்டு விழா வைத்தார்கள். நன்றியுரை பற்றிக். இமெல்டாவை முன் வரிசையில் உட்கார்த்தி வைத்திருந்தார்; அவள் பாதியிலேயே "மாதாவே" என்றாள். எதைக் கேட்டாள் என்று அவர் மேடையிலிருந்து இறங்கி வந்து ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்தார். தண்ணீர் இல்லை, கழிவறை இல்லை, சால்வை இல்லை.

பதிவு வருடம் முழுக்க ஞாயிறு தோறும் தமிழ்ப் பூசை முடிந்து தேவாலய வாசலிலும், வெள்ளி தோறும் கோயில் வாசலிலும் நின்றார். வைத்தியர் கேட்டால் எழுதுங்கோ, ஆறில் எது வேண்டுமானாலும், ஆனால் எழுதுங்கோ. சிலர் எழுதுகிறோம் என்றார்கள். சிலர் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து 'நியூசிலாந்தர்' என்று கணினியில் அடித்துவிட்டதாகச் சொன்னார்கள். வெள்ளவத்தையில் வீடு இழந்த ஓர் அம்மா அவர் நீட்டிய தாளைத் தொடாமலே பார்த்தார். "நாங்கள் ஆரெண்டு எழுதிக் குடுத்துத்தான் மேனை எண்பத்திமூண்டுக் கலவரத்தில எங்கட வீட்டுக்கு வழி கண்டு வந்தவங்கள். இஞ்ச நான் ஒண்டும் இல்லை. அப்பிடியே இருந்திட்டுப் போறன்."

பற்றிக் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். இரண்டு வருடத்துக்கு முன் என்றால் அவரே அதைச் சொல்லியிருப்பார்.

வீட்டில் செபமாலை சுருங்கிக்கொண்டு வந்தது. முன்பு 'ஆமென்' வரை போனவள், பிறகு நடுவில் நின்றாள், பிறகு முதல் வரியில். அவர் தொடங்கிக் கொடுத்துவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். வராது. அவரே முடித்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, விளக்கை அணைப்பார். கிளாரா சொன்ன இரண்டு வருடமும் முடிந்து அடுத்த குளிர்காலமும் வந்தபோதுதான் ஜில் கூப்பிட்டார்.

மறுபடி தேநீர். மறுபடி பிஸ்கட். ஜில் திரையைத் திருப்பினார். ஆறு தமிழரும் வரிசையாக இருந்தார்கள், ஒவ்வொருவரும் தனி வரியில், எழுத்துப் பிழை இல்லாமல். ஒவ்வொருவருக்கும் எதிரே எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி.

"இது என்ன?"

"எண்ணிக்கை சிறியதாக இருந்தால் மறைத்துவிடுவோம், பற்றிக். வட்டாரத்தில் ஒரு வரியில் ஆட்கள் குறைவென்றால், அவர் இன்னார் என்று யாராவது கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அந்தரங்கப் பாதுகாப்பு."

மன்னார்த் தமிழர் வரியில் அந்தரங்கமாக இருப்பது யார் யார் என்று பற்றிக் அறிவார். அவரும் இமெல்டாவும்.

"என்னைக் கண்டுபிடிக்கட்டும் எண்டுதானே நான் மூண்டு வருசமாக் கத்துறன். கண்டுபிடியுங்கோவன்."

"எனக்குப் புரிகிறது."

"சரி. ஆறையும் கூட்டுங்கோ. கூட்டினா உங்கட அளவுக்கு மேல வருமோ வராதோ?"

ஜில் அலமாரியிலிருந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்தார். அதைத் திறந்து, பற்றிக்கின் கையெழுத்து தெரியும்படி அவர் பக்கம் நகர்த்தினார். "கூட்டக் கூடாது என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள். சமூகம் தன்னை எப்படி அழைக்க விரும்புகிறதோ அதை மதிக்கிறோம் என்று எழுத்தில் தந்திருக்கிறோம். இப்போது நானாகக் கூட்டினால் அது உங்களுக்குச் செய்கிற அவமரியாதை."

"கூட்டினா வருமோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"சொல்ல எனக்கு அனுமதி இல்லை," என்றார் ஜில். சொல்லும்போது பிஸ்கட் தட்டைப் பார்த்தார். வரும் என்று பற்றிக் விளங்கிக்கொண்டார்.

மாற்ற வழி உண்டாம். ஆறு தரப்பும் கூடி, கையெழுத்துப் போட்டுப் புதிய யோசனை கொடுத்தால், அடுத்த பதிவில், அதாவது ஐந்து வருடம் கழித்து, பரிசீலிக்கலாம். பற்றிக் அதையும் விடவில்லை. குலசிங்கத்துக்குத் தொலைபேசினார். குலசிங்கம் உண்மையாகவே வருந்தினார். "ஆனா பற்றிக், ஒண்டை யோசியுங்கோ. எங்கட பேர் முதன்முதலா அரசாங்கப் பதிவில வந்திருக்கு. புள்ளியெண்டாலும் எங்கட புள்ளி." பாஸ்கரன், கமிட்டியில் வைத்துப் பேசுகிறேன் சார் என்றார். கமிட்டி அந்த மாதம் தீபாவளி ஏற்பாட்டு வேலையில் இருந்தது. நரேந்திரன் கையெழுத்துப் போடத் தயார். ஷாமளாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

கிளாராதான் தயங்கித் தயங்கி அதைச் சொன்னாள். ஹிந்திக் குழுவில் இடம் இருக்கிறது. மொழி வேறுதான். ஆனால் நாலு பேர், பாட்டு, முகம், கைதட்டல். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு...

"ஓம்," என்றார் பற்றிக். சண்டை போடவில்லை.

பாபடோயிட்டோயிலேயே ஒரு சமூக மண்டபத்தில் குழு. நடத்தியவள் சுரேகா. பிஜியிலிருந்து வந்த பெரியவர்கள், பஞ்சாபிகள், ஒரு குஜராத்தி மாமி. ஒருவருக்கும் பேச்சு ஒழுங்காக வராது; ஆகவே ஒருவர் வசனத்தை ஒருவர் முடித்து வைக்க யாராலும் முடியாது. இமெல்டா முதல் நாள் தன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பஞ்சாபிக் கிழவர், இடது கையாலும் பல்லாலும் மண்டரின் ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்து, நார் எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் சாப்பிட்டாள். அடுத்த வாரம், சுரேகா தாளம் போட, அவள் இடது கை தொடையில் தட்டியது. பற்றிக் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் அவருக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கவில்லை என்றுதான் நினைத்தார்.

வசந்தம் வந்து மரங்கள் பூத்த ஒரு நாள், தேநீர் இடைவேளையில், சுரேகா பால் போடட்டுமா என்று ஜாடையில் கேட்டாள். இமெல்டா நிமிர்ந்து பார்த்தாள். வாய் கோணி, இழுத்து, நேராகி:

"அச்சா."

மண்டபம் கைதட்டியது. பஞ்சாபிக் கிழவர் கண்ணைத் துடைத்தார். இமெல்டா சுற்றிலும் பார்த்து, தன் குரல் தனக்கே பிடித்துப்போய், மறுபடி சொன்னாள். "அச்சா." சர்க்கரைக்கும் அச்சா. பிஸ்கட்டுக்கும் அச்சா. மூன்று வருடத்துக்கு மேல் காத்திருந்து வந்த சொல்.

பற்றிக்கும் கைதட்டினார். எல்லோரும் தட்டும்போது அவர் மட்டும் சும்மா இருக்க முடியாதே.

சங்கத்தில் செய்தி பரவியது. பாஸ்கரன் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தணித்தார். "ரொம்ப சந்தோஷம் சார். ஆனா ஹிந்தியில வந்ததுன்னு வெளிய சொல்லிக்க வேணாமே." குலசிங்கம் கண்டன அறிக்கை விட வேண்டும் என்றார். யாரைக் கண்டிப்பது என்று முடிவாகாததால் அது நின்றுவிட்டது.

வருடக் கடைசியில் சுரேகா பற்றிக்கை ஓரமாக அழைத்தாள். குழுவில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், ஆள் குறைந்துவிட்டது. 'இந்தியர்' எண்ணிக்கை அளவுக்குக் கீழே போனால் அடுத்த வருடம் குழு கிடையாது. இமெல்டாவின் பதிவைக் கொஞ்சம் மாற்றினால்...

"பிழையா எழுதச் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க அங்கிள்," என்றாள் ஆங்கிலத்தில்.

பற்றிக் படிவத்தையும் பேனாவையும் வாங்கினார். மன்னார்த் தமிழர் என்று இருந்ததைக் கோடு போட்டு வெட்டி, 'இந்தியர்' பெட்டியில் அடையாளம் போட்டார். வட்டாரத்தில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் குறைந்தார். பேனா கையிலேயே இருந்தது. "நானும் வாரா வாரம் வாறன்தானே," என்று தன் பெயரையும் கீழே எழுதி அதே பெட்டியில் அடையாளம் போட்டார். ஜில்லுடைய திரையில் இனி அந்த வரியைத் தேடினால் மறைப்பதற்கும் ஆள் இருக்காது.

அன்று மாலை பிரிஸ்பேனிலிருந்து றெபேக்கா தொலைபேசினாள். கிளாரா அவளுக்கு மின்னஞ்சல் போட்டிருந்தாளாம், மம்மி ஒரு சொல் சொல்கிறாள் என்று. என்ன சொல் என்று அதில் இல்லை.

"டாட், இஸ் இட் ட்ரூ?"

இமெல்டா சோபாவில் இருந்தாள். அவர் போட்டுக் கொடுத்த தேநீரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"உண்மைதான் பிள்ளை. ஒரு சொல்லு சொல்லுறா."

"வட் வேர்ட்?"

அவர் இமெல்டாவைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள், அவர் ஏதோ கேட்கிறார் என்று நினைத்து, சொல்லத் தயாராக.

"ஓம் எண்டு சொல்லுறா," என்றார் பற்றிக். இமெல்டாவின் 'அச்சா' மகளுக்குக் கேட்காதபடி உடனே கையால் போனின் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போனார்.